சுண்ணாம்புக் கோட்டுக்காரர்

இந்த நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சிராப்பள்ளியின் பெரிய அரசு மேல்நிலைப் பள்ளிகளுள் ஒன்றில் வரலாற்று முதுகலை ஆசிரியராகச் சேர்ந்து, உதவித் தலைமையாசிரியராக உயர்ந்தவன் நான். கால அட்டவணை என் கையால் எழுதப்பட்டது. பொதுத் தேர்வு நாட்களில் வினாத்தாள் கட்டுகள் என் முன்னிலையில்தான் பிரிக்கப்பட்டன. தலைமையாசிரியர்கள் மாறுதலில் வந்தார்கள், மாறுதலில் போனார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே என்னை அறைக்கு அழைத்து, "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் தைரியமா வந்தேன்" என்று சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதிக்காரர்கள் என்னை 'ஹெச்.எம். சார்' என்றே அழைத்தார்கள், திருத்தியும் பயனில்லை. என் பணிப் பதிவேட்டில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை ஒன்றுகூட அதுவரை ஏறியதில்லை.

'அதுவரை' என்று எழுத வேண்டி வந்ததற்குக் காரணமானவரைப் பற்றியது இந்தச் சித்திரம். அவர் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பெயரை எழுதப் போவதில்லை. சென்ற மாதம் நடந்த நினைவேந்தல் கூட்டத்தில் அவர் பெயரை ஒலிபெருக்கி வைத்து முழங்கித் தீர்த்துவிட்டார்கள். நான் வேறு கூட்ட வேண்டியதில்லை.

பள்ளியை அறியாதவர்களுக்காக அதன் வளாகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாலையைப் பார்த்த வாயிலில் நுழைந்ததும் செங்கல் வளைவுகளோடு முதன்மைக் கட்டடம். அதன் மாடி வராந்தாவிலிருந்து மலைக்கோட்டை தெரியும் என்பதால் மாடி வகுப்புகளில் ஜன்னலோர இருக்கைக்கு எக்காலத்திலும் சண்டை உண்டு. பின்புறம் தேக்கு உத்தரங்கள் தாங்கும் பிரார்த்தனை மண்டபம். அதற்கும் பின்னால் தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றுள் ஒன்றின் கிளையில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. மரங்களைத் தாண்டினால் மைதானம். நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய வெற்று நிலம் இன்னும் விலை போகாமல் இருப்பதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மைதானத்தின் கிழக்குக் கோடியில் ஒரு காலத்தில் மாணவர் விடுதி இருந்தது. விடுதி இடிந்தபின் அதன் கிணற்றை மண்ணிட்டு மூடினார்கள். இவையெல்லாம் பள்ளியின் வரலாறாக நான் தொகுத்து வைத்திருக்கும் செய்திகள். அந்த மைதானம் அரசாங்கத்தினுடையது. அவரோ அது தம்முடையது என்ற எண்ணத்தில் வாழ்ந்தார்.

திருவெறும்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கறுப்புக் கயிற்றில் விசில். பேசும்போதும் அது வாயோரத்தில் இருக்கும். ஆகவே அவர் பேச்சில் பாதி விசிலுக்குள் போய்விடும். திங்கட்கிழமைதோறும் விடியும் வேளையில் ஆடுகளங்களுக்குக் கோடு போடுவார். பால்மாவு டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டு, சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிறு பிடித்து, டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். ஒவ்வொரு களத்தின் மூலைகளிலும் இரும்பு முளைகளை மண்மட்டத்துக்கு அடித்து இறக்கி வைத்திருந்தார். நம் கண்ணுக்கு அவை தெரியமாட்டா. அவர் கேன்வாஸ் ஷூவின் நுனியால் தரையைத் தடவுவார், முளை தட்டுப்படும், கயிறு அங்கிருந்து கிளம்பும். வழியில் யார் நின்றாலும் விலக வேண்டியது நின்றவரின் கடமை. தலைமையாசிரியர் நின்றாலும் அப்படித்தான்.

"சார், காலு" என்பார். நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

போட்ட கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது. மண்டபத்திலிருந்து ஆய்வகத்துக்குப் போக வேண்டுமானால் மைதானத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். வேகாத வெயிலில் வேதியியல் ஆசிரியை விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு சுற்றிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதைக் கட்டுப்பாடு என்று சொன்னவர்கள் உண்டு. நான் அகந்தை என்றே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரு குடியரசு தின விழாவில் வட்டாரப் பிரமுகர் ஒருவர் பரிசு வழங்க வந்திருந்தார். பள்ளிக்குப் பெஞ்சுகள் தருவதாக வாக்களித்திருந்தார். அதற்காக நானே அவர் வீட்டுக்கு இருமுறை போய்வந்தேன். ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும்போது புகைப்படத்துக்காக அவர் ஓடுபாதைக்குள் காலை வைத்து நின்றார். விசில் ஊதிற்று.

"ஐயா, கோட்டுக்கு வெளிய நில்லுங்க."

"போட்டோ எடுக்கிறாங்க தம்பி" என்றார் பிரமுகர்.

"வெளிய நின்னும் எடுக்கலாம். உள்ள பசங்க ஓடணும்."

பெற்றோர் கூட்டம் சிரித்தது. பிரமுகர் வெளியே நின்றார். பெஞ்சுகள் வரவில்லை. நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்ன விடை இதுதான்: "காலு பட்டா அவுட்டு சார். யாரு காலா இருந்தா என்ன?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் பணிக்காலம் முழுவதும் பேசினார் என்று சொன்னால் மிகையாகாது.

கபடி இறுதியாட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாவட்டக் கேடயத்துக்கான ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நடுவர் ஒருவர் வராமற்போகவே, எதிரணியின் ஒப்புதலோடு அவரையே நடுவராக நிறுத்தினார்கள். கடைசியாகப் பாடிப் போகும் முறை எங்கள் பையன் ஒருவனுக்கு வந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மகன், மின்னல்போல ஆடுவான். இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பள்ளியே எழுந்து கூத்தாடியது. விசில் ஊதிற்று. பையனின் கால் சுண்டுவிரல் பக்கக் கோட்டில் பட்டுவிட்டதாம். எதிரணிக்காரர்கள்கூட அதைப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பையனின் தந்தை தலையில் கட்டிய துண்டோடு பள்ளிக்கு வந்தார்.

"ஏன்யா, நம்ம பள்ளிக்கூடத்துப் பயலத் தோக்கடிக்கவா உனக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?"

"காலு பட்டுச்சு."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"பாக்காத மாதிரி இருந்தா என்னய்யா கொறஞ்சு போயிரும்?"

"அப்புறம் கோடு எதுக்குங்க?"

தந்தை என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. இந்தாளுக்கு நீங்களாவது சொல்லுங்க சார்." சொன்னேன். அவர் தம் சுண்ணாம்பு டப்பாவைத் தட்டிக்கொண்டு நின்றார். கேடயம் கிடைத்திருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தப் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. அவன் தந்தையோடு மார்க்கெட்டுக்குப் போனான். இதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதாக எனக்குத் தெரியாது.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன் வகுப்பின் பல பிரிவுகள் அப்போது மரத்தடியில் நடந்துகொண்டிருந்தன. மழை வந்தால் எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடுவார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே மண்டபத்தில் இரண்டு பாடங்களைக் கத்துவார்கள். புதிய வகுப்பறைக் கட்டடத்துக்காக நான் அலையாத அலுவலகம் இல்லை. இறுதியில் ஒப்புதல் வந்தது. கட்டடக் குழுவுக்கு என்னை அமைப்பாளராக்கினார்கள். மைதானத்தின் மேற்குப் பகுதியை இடமாகக் குறித்தோம். கிழக்கே வேண்டாம், அங்கே மூடிய கிணறு இருக்கிறது என்று சொன்னவனும் நான்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"கிரவுண்ட வெட்டிட்டா பசங்க எங்க சார் ஓடுவாங்க?"

"மழையில நனைஞ்சுக்கிட்டு மரத்தடியில உக்காந்திருக்காங்களே, அது உங்களுக்குத் தெரியலையா?" என்றேன்.

"மரத்தடியில படிக்கலாம் சார். கிளாஸ் ரூம்ல ஓட முடியாது."

கூட்டம் சிரித்தது. என் எதிரில் அவ்வாறு சிரிக்கும் வழக்கம் அதுவரை அந்தப் பள்ளியில் இருந்ததில்லை. முடிவு எங்களுடையதாகவே அமைந்தது. அவர் உட்காரும்போது, "சரி சார். நீங்க உங்க கோட்டப் போடுங்க, நான் என் கோட்டப் போடுறேன்" என்றார். பின்னாளில் பலர் இந்த வாக்கியத்துக்கு மீசையும் கிரீடமும் வைத்துவிட்டார்கள். நான் அங்கே இருந்தேன். தோற்ற மனிதனின் முணுமுணுப்பு அது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

மார்ச் மாதம் முடிவதற்குள் அடித்தள வேலை தொடங்காவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும். கடைசி வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை மாலை கட்டட மேற்பார்வையாளர் வந்து, மேற்கே மரக்குச்சிகளை நட்டு, அடித்தளம் தோண்டுவதற்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டுப் போனார். கட்டட வேலைக்கும் கபடிக்கும் ஒரே சுண்ணாம்புதான் என்பதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்ப்பதற்குக் காரணமும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆட வந்த பக்கத்துத் தெரு இளைஞர்கள் மரக்குச்சிகளைப் பிடுங்கி ஸ்டம்ப் வைத்துக்கொண்டார்கள். மாலையில் கோடை மழை கொட்டியது. மைதானத்தில் ஒரு வெள்ளைக் கோடும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை அவர் வழக்கம்போல் வந்து தம் கோடுகளைப் போட்டார். வட்டாரப் போட்டிகளின் பருவம் என்பதால் கிழக்கே மூன்று கபடிக் களங்களை வரிசையாகப் போட்டுவிட்டு, அணியை அழைத்துக்கொண்டு போட்டிக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு வர வேண்டிய மேஸ்திரி, வெயிலுக்கு முன் வேலையை முடிக்கலாம் என்று ஏழு மணிக்கே பொக்லைனோடு வந்தார். சனிக்கிழமை அவர் உடன் இருந்தவர் அல்லர். 'கிரவுண்டுல வெள்ளைக் கோடு இருக்கு, அதுல தோண்டு' என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். மேற்கே ஒன்றுமில்லை. கிழக்கே பளிச்சென்று மூன்று செவ்வகங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குறுக்குக் கோடு. இரு பக்கங்களிலும் ஒடுக்கமான பட்டைகள். செவ்வகத்தை வகுப்பறை என்றும், நடுக்கோட்டைத் தடுப்புச் சுவர் என்றும், பட்டையை வராந்தா என்றும் எடுத்துக்கொண்டார். நான் காவிரிப் பாலத்து நெரிசலைக் கடந்து எட்டரை மணிக்கு வந்தபோது முதல் களம் வாய்க்காலாகக் கிடந்தது. பொக்லைனின் முன்சக்கரம் பழைய கிணற்றுக்குள் இறங்கிச் சாய்ந்திருந்தது.

"என்னய்யா இது?" என்றேன்.

"நீங்க போட்ட கோடுதானே சார்?" என்றார் மேஸ்திரி. "வராந்தா ரொம்பக் குறுகலா இருக்கேன்னு நானே நெனச்சேன்."

பொறியாளர் வந்தார், வேலையை நிறுத்தினார். நிலத்தை மீண்டும் ஆய்ந்து ஒப்புதலுக்குப் புதிதாக எழுத வேண்டும் என்றார். மார்ச் முடிந்தது. ஒப்புதல் காலாவதியானது.

நண்பகலில் அவர் அணியோடு திரும்பி வந்தார். வாய்க்காலின் கரையில் நின்றார். மாணவர்கள் அவர் பின்னால் நின்றார்கள்.

"யாரு சார் என் கோட்டுல கைவச்சது?"

"உங்க கோட்டாலதான் என் பில்டிங் போச்சு. தெரியுதா உங்களுக்கு?"

"என் கோர்ட்டும்தான் சார் போச்சு."

அந்தக் குரலில் அடக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் பேசாமல் அறைக்குத் திரும்பினேன். பேசியிருந்தால் என் தகுதிக்கு ஒவ்வாத சொற்கள் வந்திருக்கும்.

விசாரணைக்குக் கல்வி அலுவலர் வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சார், ரொம்ப சிம்பிள். வேணும்னே கோட்ட மாத்திப் போட்டார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவரும் மீட்டிங்ல அப்படித்தானே பேசினார்? எல்லாரும் கேட்டோம். அவரோட முடிஞ்சு போயிடும். இல்லைன்னா கமிட்டி மேல வரும். கமிட்டின்னா நீங்க."

அந்த ஒரு வார்த்தை என் நாவின் நுனியில்தான் இருந்தது. அவரை நான் விரும்பியதில்லை. அவருக்காக இரங்க எனக்குக் காரணமும் இல்லை. ஆனால் நான் வரலாறு படித்தவன்; சான்று இல்லாமல் எழுதிப் பழகாதவன். அலுவலரையும் தலைமையாசிரியரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். தோண்டப்படாமல் எஞ்சியிருந்த இரண்டு களங்களின் மூலைகளில் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுக் கடப்பாரையால் சுரண்டச் சொன்னேன். ஒவ்வொரு மூலையிலும் இரும்பு முளை இருந்தது. துருப்பிடித்து, வேர்கள் சுற்றி, ஆண்டுக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த முளைகள். கோடு அவற்றின் உச்சந்தலைமேல் ஓடியது, விரலகலம்கூட விலகவில்லை.

அவரும் சற்றுத் தொலைவில் நின்றிருந்தார். "மாத்திப் போட்டீங்களா?" என்று அலுவலர் கேட்டார்.

"மாத்திப் போட்டா அது எப்படிங்க கோர்ட்டாகும்?" என்றார்.

'அவர் கோட்டை நகர்த்தவில்லை' என்று நான் வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த வாரமே எனக்குக் குறிப்பாணை வந்தது. வேலை தொடங்கும்போது அமைப்பாளர் ஏன் அங்கே இல்லை என்று கேட்டிருந்தார்கள். அறிவித்த நேரம் ஒன்பது மணி என்று விடை எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான். கட்டடம் பின்னொரு நாளில், நான் ஓய்வு பெற்ற பிறகு, சாக்கடையோரமாக எழுந்தது. அதன் கல்வெட்டில் வேறொருவர் பெயர் இருக்கிறது.

அவர் நன்றி சொல்லவில்லை. வாக்குமூலம் எழுதிய மறுநாள் நான் ஏதோ யோசனையில் மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தேன். விசில் ஊதிற்று. மாணவர்கள் பார்த்தார்கள்.

"சார், காலு."

நான் கோட்டுக்கு வெளியே போனேன். அதன்பின் பணிக்காலம் முடியும்வரை அவரிடம் அலுவல் தவிர வேறு பேசியதில்லை.

இப்போது அந்த நினைவேந்தல் கூட்டம். பிரார்த்தனை மண்டபம் நிறைந்திருந்தது. ஏற்பாடு செய்தவர் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். வேறு யாருமல்லர், சுண்டுவிரலால் கேடயத்தை இழந்த அதே கபடிப் பையன்தான். இன்று காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன், நரைத்த மீசை. ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம சார் என்ன பண்ணாரு தெரியுமா? மழை பேஞ்சு கோடெல்லாம் அழிஞ்சு கெடக்குது. விடியறதுக்குள்ள கோட்ட அப்படியே கெழக்க நகத்திப் போட்டாரு! பொக்லைன்காரன் ஏமாந்துட்டான்! கிரவுண்டு பொழச்சுது!"

கைதட்டல் உத்தரத்தை இடித்தது. அவர் என்னைச் சுட்டிக் காட்டினார்.

"இதோ முன்வரிசையில உக்காந்திருக்காரே நம்ம ஏ.ஹெச்.எம். சார், இவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஆபீசர்கிட்ட காட்டிக் குடுக்கல. பொய் சொல்லிக் காப்பாத்துனாரு. வெளியதான் மொரடு, உள்ள தங்கம்!"

மறுபடியும் கைதட்டல். பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கையொப்பத்தைப் பொய் என்று சொல்லிவிட்டு, அதற்காக என்னைப் பாராட்டினார்கள். வாழ்நாளில் எனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புகளில் இதைவிடப் பெரியது இல்லை.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்துப் படியில் சங்கத் தலைவரை நிறுத்தினேன்.

"அவர் கோட்டை நகர்த்தினதை நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் சொல்றதுதானே சார். வாட்ஸ்அப் குரூப்ல எத்தன வருஷமா ஓடுது!"

"உங்க சுண்டுவிரல் பட்டதா, இல்லையா?"

அவர் சிரித்தார். "பட்டுச்சு சார். எனக்கு அப்பவே தெரியும். எங்கப்பாகிட்டகூடச் சொல்லல."

"உங்க காலுக்கு நகராத கோடு, என் கட்டடத்துக்கா நகர்ந்திருக்கும்?"

சிரிப்பு நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: "அது சரிதான் சார். ஆனா மேடையில அப்படிச் சொன்னா நல்லாவா இருக்கும்? அவரு ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிடுமே."

சங்கம் வெளியிடவிருக்கும் சிறப்பு மலரிலும் இந்தக் கதையைத்தான் அச்சிடப் போகிறார்களாம். பள்ளி வரலாற்றுப் பகுதியை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னுரையாக இதை அனுப்புகிறேன். ஒரு வரியைக் குறைத்தாலும் முழுவதையும் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

மேற்கே போட்ட கோடுகளை மழை அழித்தது. குச்சிகளைக் கிரிக்கெட் ஆடியவர்கள் பிடுங்கினார்கள். மேஸ்திரி கபடிக் களத்தை வகுப்பறை என்று எண்ணித் தோண்டினார். அந்த மனிதர் கோட்டை நகர்த்தவில்லை. நான் பொய் சொல்லி அவரைக் காப்பாற்றவுமில்லை. நாங்கள் நண்பர்கள் என்று பேசிக்கொள்வதும் தவறு.